மொட்டை மாடிக் கணக்கு

கேள்வி: மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம், இனி மின்கட்டணமே வராது என்று ஒருவர் விற்க வந்தார். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஆகிறது. போடலாமா?
– வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: மானியம் உண்மைதான் அம்மா. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் 'சூரிய வீடு' திட்டம் அது. ஒரு கோடி வீடுகளுக்கு 75,021 கோடி ரூபாய். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000தான்.

வந்தவர் விழுங்கிய விஷயம் ஒன்று உண்டு. முழுப் பணத்தையும் முதலில் நீங்கள்தான் புரட்ட வேண்டும். பேனல் மாட்டி, மின்வாரியம் வந்து பார்த்து, நெட் மீட்டர் (நீங்கள் கம்பிக்குத் தரும் மின்சாரத்தையும் அதிலிருந்து எடுப்பதையும் கணக்கிடும் மீட்டர்) ஓடத் தொடங்கிய பிறகுதான் மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். திட்டத்தின் இணையதளத்தில் பதிவான நிறுவனம் மாட்டியிருக்க வேண்டும். பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கைக் காட்டி "இது மலிவு" என்பார்கள். மலிவுதான், மானியம் கிடையாது.

இனி உங்கள் கணக்கு. ஒரு கிலோவாட் நல்ல வெயிலில் நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும். மூன்றுக்கு இரண்டு மாதத்தில் எழுநூறு யூனிட்டுக்குக் குறையாது. நீங்கள் செலவழிப்பதோ 180. அதிலும் ஜெயலலிதா 2016-இல் அறிவித்த 100 யூனிட் இலவசம் போக, காசு கொடுப்பது 80 யூனிட்டுக்கு! இதற்குப் போய் லட்சக்கணக்கில் முடக்குவதா? மாநிலத்தின் இலவசமே மத்திய அரசின் மானியத்துக்குப் போட்டியாக நிற்கும் வீடு உங்களுடையது. ஏசி வாங்கி, 500 யூனிட்டைத் தாண்டும் நாள் வந்தால் மறுபடி எழுதுங்கள். அதுவரை வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரில் பகலில் அடிக்கடி மின்வெட்டு. சோலார் இருந்தால் மின்விசிறி ஓடும் அல்லவா?
– வாசகர், தேனி

பதில்: ஓடாது. மானியத்தில் போடுவது மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு. கம்பியில் மின்சாரம் நின்றதும், பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும். கொளுத்தும் வெயிலில் பேனல் சும்மா கிடக்கிறதே என்று கோபம் வரும். ஆனால் அந்த நேரத்தில் கம்பத்தின் மேல் ஒரு லைன்மேன் இருப்பார். உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் போனால் அவர் கதி? நான் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவன். இந்த விதியில் மட்டும் என்னிடம் சலுகை கேட்காதீர்கள். மின்வெட்டிலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். பேட்டரி உங்கள் செலவு.

கேள்வி: அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கு இதில் ஏதாவது உண்டா?
– வாசகி, சென்னை

பதில்: நேரடியாக எதுவும் இல்லை. கூரை உள்ளவருக்குத்தான் மானியம் என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. குடியிருப்போர் சங்கம் பொதுவாகப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 கிடைக்கும். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் அதில் ஓடும். உங்கள் சங்கத்துக்கு இது தெரியுமா என்று கேளுங்கள். பராமரிப்புக் கட்டணம் குறையக்கூடும். குறைந்ததை வீட்டுக்காரர் உங்களுக்குத் தருவாரா என்பதற்கு எந்த அரசிடமும் திட்டம் இல்லை.