பி53: கூடினால் நல்லதா, கெட்டதா?

கேள்வி: அம்மாவுக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய். பயாப்சி ரிப்போர்ட்டில் 'பி53 மிகுவெளிப்பாடு, பிறழ்ந்த வகை' என்று இருக்கிறது. பி53 புற்றுநோயைத் தடுக்கும் புரதம் என்றுதானே படித்தோம்? அது நிறைய இருப்பது நல்லதில்லையா?

பதில்: படித்தது சரிதான். ஆனால் ஒழுங்காக வேலை செய்யும் பி53 அதிகம் கண்ணில் படாது, கெட்டுப்போனதுதான் குவியும்.

நலமான செல்லில் பி53 ஓயாமல் உருவாகிறது, உருவான வேகத்திலேயே அழிக்கவும் படுகிறது. எம்டிஎம்2 என்ற புரதம் அதைப் பிடித்து 'அழிக்கலாம்' என்ற அடையாளமாக யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டிவிடும். பிறகு புரோட்டியாசோம் என்ற, புரதங்களை அழிக்கும் செல் எந்திரம் அதைத் துண்டாக்கிவிடும். அரை ஆயுள் (இருப்பதில் பாதி அழிய ஆகும் நேரம்) சுமார் 20 நிமிடம்தான். டிஎன்ஏ முறிந்தால் ஏடிஎம் போன்ற நொதிகள் பி53மீது பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. எம்டிஎம்2-இன் பிடி தளர்ந்து பி53 கூடுகிறது. பி21 மரபணுவை இயக்கிச் செல் பிரிவதை நிறுத்துகிறது. சேதம் கைமீறினால் செல்லையே சாகடிக்கும்.

எம்டிஎம்2-ஐ உண்டாக்க உத்தரவிடுவதும் பி53தான் என்பது இதில் வேடிக்கை. மரபணுவில் ஓர் எழுத்து மாறி 175, 248, 273 போன்ற இடங்களில் அமினோ அமிலம் மாறிவிட்டால், அந்தப் புரதத்தால் டிஎன்ஏவைச் சரியாகப் பற்ற முடியாது. உத்தரவு போகாது, அழிக்கவும் ஆள் வராது. கட்டிக்குள் நிலவும் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, பழுதான புரதம் உட்கருவில் தேங்குகிறது. உங்கள் ரிப்போர்ட் சொல்வது அதைத்தான்.

பி53-க்குச் சாயமேற்றிய பயாப்சி ஸ்லைடில் நலமான பி53 கலவையாகத் தெரியும்: சில உட்கருக்கள் அடர்பழுப்பு, சில வெளிர், சில வெறுமை. பிறழ்ந்தது என்றால் கட்டிச் செல்களில் 80 சதவீதத்துக்கு மேல் அடர்பழுப்பாக இருக்கும். நேர்மாறாக, சாயமே இல்லாத முழு வெறுமையும் பிறழ்வுதான். மரபணு பாதியில் அறுந்திருந்தால் புரதமே உருவாகாது. அப்போது பக்கத்திலுள்ள லிம்போசைட்களை (வெள்ளணுக்களை)ப் பார்க்க வேண்டும். அவற்றில் மெல்லிய சாயம் இருந்தால் முடிவை நம்பலாம். அவையும் வெறுமை என்றால் சாயமேற்றியதில் கோளாறு, திரும்பச் செய்யவேண்டும். இதனால்தான் வெறும் 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்று முடித்துவிடும் ரிப்போர்ட்டால் பெரிதாகப் பயனில்லை.

மருத்துவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: டிஎன்ஏவின் பிழைகளைத் திருத்தும் எம்எம்ஆர் புரதங்களும், டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் நொதிக்கான பி-ஓ-எல்-இ (POLE) மரபணுவும் பார்க்கப்பட்டனவா? அவற்றில் குறை உள்ள கட்டியில் பி53 பின்னால் கெட்டிருக்கலாம். அப்படியானால் அந்தக் கட்டி 'பி53 பிறழ்ந்த' வகையில் சேராது, சிகிச்சையும் வேறாகலாம்.

கேள்வி: ஹிலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்கள்) வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டுபிடிக்கும் சோதனை) செய்தேன். 30 மைக்ரோகிராம் புரதம் ஏற்றினேன். ஒப்பீட்டுக்குப் பார்க்கும் ஆக்டின் புரதம் பளிச்சென்று வந்தது, பி53 பேண்ட் ஏறக்குறைய இல்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

பதில்: ஆன்டிபாடியைக் குறை சொல்லுமுன் செல்லைப் பாருங்கள். ஹிலாவுக்குள் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி-18 வைரஸின் மரபணுக்கள் இருக்கின்றன. அதன் ஈ6 புரதம், செல்லின் ஈ6ஏபி நொதியைத் துணைக்கு அழைத்து பி53-ஐ அழித்துவிடுகிறது. மரபணு நலமாகவே இருக்கிறது, புரதம்தான் தங்குவதில்லை. புரோட்டியாசோமைத் தடுக்கும் எம்ஜி132-ஐ 10 மைக்ரோமோலார் அளவில் 4 முதல் 6 மணி நேரம் கொடுத்துப் பாருங்கள், பேண்ட் எழும்.

அதே ஜெல்லில் இரண்டு கன்ட்ரோல் ஓட்டுங்கள். நலமான பி53 உள்ள எம்சிஎஃப்-7 செல்லுக்கு, டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் டாக்சோரூபிசின் 1 மைக்ரோமோலார், ஓர் இரவு; பி53 இல்லாத ஹெச்1299 அல்லது சாவோஸ்-2 செல் இன்னொரு லேனில். செல்லை உடைக்கும் கரைசலில் புரோட்டியேஸ் தடுப்பான்களை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்க்க வேண்டும், குழாய் ஐஸில் இருக்க வேண்டும். மனித பி53-ஐப் பிடிக்கும் டிஓ-1 ஆன்டிபாடி எலியின் பி53-ஐப் பிடிக்காது. எலி செல் என்றால் வேறு வாங்குங்கள். பாஸ்போ-பி53 (பாஸ்பேட் ஏறிய பி53) தேடுகிறீர்கள் என்றால் பிளாக்கிங்குக்கு (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்க)ப் பால் பவுடர் வேண்டாம், அதிலுள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம். பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) போடுங்கள்.

பேண்ட் 53 கிலோடால்டனில்தான் (புரத எடையின் அலகு) நிற்கும். கணக்குப்படி 393 அமினோ அமிலங்களின் எடை 44 கிலோடால்டனைத் தாண்டாது. புரோலின் மிகுந்த பகுதி இருப்பதால் ஜெல்லில் மெதுவாக ஓடுகிறது.

கேள்வி: நல்ல பி53 மரபணுவை ஊசியாகப் போட்டுவிடக் கூடாதா?

பதில்: போட்டிருக்கிறார்கள். அடினோவைரஸ் என்ற சளி வைரஸில் ஏற்றிய பி53, ஜென்டிசின் என்ற பெயரில் 2003-இல் சீனாவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. கைக்கெட்டும் கட்டிக்குள் நேரே குத்தலாம். பரவிவிட்ட நோயில் ஒவ்வொரு செல்லுக்கும் வைரஸ் போய்ச் சேர வேண்டும். சேராத செல் தொடர்ந்து பெருகும். ரத்தத்தில் ஏற்கெனவே அடினோவைரஸுக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தால் பாதி வழியிலேயே பிடிபட்டுவிடும்.