தேக்கின் கழுத்தில் கொடி

கேள்வி: எட்டு வயதுத் தேக்கும் மகோகனியும் கலந்த தோப்பு என்னுடையது. தடித்த காட்டுக்கொடிகளும் ஒரு மெல்லிய பச்சைக்கொடியும் ஏறி உச்சியை மூடிவிட்டன. ஆள் வைத்து இழுத்ததில் கிளைகள் ஒடிந்தன. களைக்கொல்லி அடிக்கலாமா?
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: வேண்டாம். கொடிக்கு அடிப்பது தேக்கிலையிலும் படும். நல்ல அரிவாள் போதும்.

முதலில், இழுப்பதை நிறுத்துங்கள். தடித்த கொடியைத் தரையை ஒட்டி ஒரு வெட்டு, மார்பளவில் இன்னொரு வெட்டு வெட்டி, நடுத்துண்டை எடுத்து வீசிவிடுங்கள். மேலே தொங்குவது காய்ந்து தானே உதிரும். நான் வனச்சரகராக இருந்தபோது ஒற்றை வெட்டை வேலையாகவே ஏற்றுக்கொண்டதில்லை. வெட்டியதா, விட்டதா என்று தணிக்கைக்குப் போகிறவருக்குத் தெரியாது. சீந்தில் மட்டும் தனி ரகம். அறுத்த பிறகும் மேல்பகுதி நூல் போன்ற வேர்களை இறக்கி மண்ணைத் தேடும். மறுபடி போய் அவற்றையும் அறுக்க வேண்டும்.

அந்த மெல்லிய கொடிக்கு இதய வடிவ இலை, கொத்தாக வெள்ளைப்பூ என்றால் அது மிக்கானியா. உங்கள் பக்கத்து மலையாளிகள் திருதராஷ்டிரப் பச்சை என்பார்கள், தழுவியே நொறுக்கும் கொடிக்குப் பொருத்தமான பெயர். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. கணுவுக்குக் கணு வேர்விடும். வெட்டிய துண்டை ஈரமண்ணில் போட்டால் நீங்களே நட்டதாக அர்த்தம். பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கிப் பாறைமேல் காயப்போடுங்கள். பூத்துவிட்டால் விதை காற்றில் போய்விடும். கேரளத்தில் 2006இல் இதன்மேல் ஒரு துருநோய்ப் பூஞ்சையை விட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. ஆகவே கைவேலைதான்.

இவற்றுக்கெல்லாம் வெயில்தான் சோறு. தேக்கு இலையுதிர்க்கும்போது தோப்புக்குள் வெயில் இறங்கும். அப்போது ஒரு சுற்று பாருங்கள். மரம் கலைக்கும், அதாவது நெருக்கத்தைக் குறைக்க இடையிடையே வெட்டும், எண்ணம் இருந்தால் ஒரேயடியாகக் கலைக்காதீர்கள், இடைவெளியில் முதலில் புகுவது கொடிதான். கலைப்பதற்கு ஓராண்டு முன்பே கொடிகளை அறுத்துவிடவும் வேண்டும். காயாத கொடி இரண்டு உச்சிகளைப் பிணைத்திருந்தால், வெட்டிய மரம் நல்ல மரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். கீழே நிற்கும் ஆளுக்கும் ஆபத்து.

செங்காந்தள் ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள். மழைக்காலம் போனதும் தண்டு தானாகக் காய்ந்துவிடும், மரத்துக்குக் கேடில்லை. தோப்பில் ஆடு மாடு மேய விடுகிறீர்கள் என்றால் மட்டும் அதைத் தோண்டி எடுங்கள். கிழங்கு கடும் நஞ்சு.