லைட் பிடிக்கப் போகட்டும்

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் எவர்சில்வர், பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை, சிறியதுதான். ஒரே மகன், 16 வயது, ப்ளஸ் ஒன் படிக்கிறான். இரண்டு வருடமாக அவனுக்குப் பறவைப் பித்து. ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு எழுந்து திருப்பத்தூர் பஸ் பிடித்து வேட்டங்குடிக் கண்மாய்க்குப் போய்விடுவான். முதலில் என் போனில் படம் எடுத்தான். பிறகு அவன் மாமா தன்னுடைய பழைய கேமராவைக் கொடுத்தார். இப்போது 150-600 என்று ஏதோ ஒரு லென்ஸ் வேண்டுமாம். ஒருவர் பயன்படுத்தியதைக் கை மாற்றிக் கொடுப்பதே 55,000 ரூபாய். கேட்டதும் எனக்கு மயக்கம் வராத குறை.

அவனோடு படிக்கும் ஒரு பையன் கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீட்டுப் பிள்ளை. மலேசியாவிலிருந்து வந்த அவனுடைய ஐயா புத்தம் புதிதாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்த நாளிலிருந்துதான் வினை. "ப்ளஸ் டூவில் நல்ல மார்க் எடு, வாங்கித் தருகிறேன்" என்றேன். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் மனைவியோ சீட்டை எடுத்தாவது வாங்கிக் கொடுங்கள் என்கிறாள்.

போன வாரம் புதிதாக ஒன்று சொன்னான். கல்யாண போட்டோ எடுக்கும் ஸ்டூடியோவில் லைட் பிடிக்கப் போகிறானாம், நாளுக்கு 500 ரூபாய் தருவார்களாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மண்டபத்தில் பரப்பி வைத்திருக்கும் சீர்ச் சாமான் என் கடையில் வாங்கியதாக இருக்கும். அங்கே என் மகன் குடையையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு நிற்பதா?

நாங்கள் எல்லாம் அப்பாவிடம் எதையும் கேட்டதே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இத்தனை விலையில் பொழுதுபோக்கு? பெற்றவர்கள் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர், காரைக்குடி

*

அன்புள்ள நண்பருக்கு,

55,000 ரூபாயைப் பற்றி எழுதத் தொடங்கிய உங்கள் கடிதம் மண்டபத்துக்கு வந்ததும்தான் சூடாகிறது. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். லைட் பிடிக்கப் போகட்டும்.

நீங்கள் எந்த ஊரில் கடை வைத்திருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கொண்டுவிற்கப் போனவர்கள், அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார், கட்டிய ஊர்கள் இவை. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் இருந்த கடைகளில் மேலாள், அடுத்தாள் என்று வரிசை உண்டு. அந்த வரிசையின் அடியில் பெட்டியடிப் பையன் உட்கார்ந்திருப்பான். உங்கள் மகன் வயதுதான், சில சமயம் அதைவிடக் குறைவு. எடுபிடி வேலை செய்வான், கடிதம் கொண்டுபோவான், சிட்டை (அன்றாட வரவு செலவுக் கணக்கு) எழுதக் கற்பான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் இப்படி இன்னொருவர் கடையில் கைகட்டி நின்று தொழில் பழகியிருக்கிறார்கள். அதை யாரும் மானக்கேடாக நினைக்கவில்லை. (பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. கப்பலேறிய அந்தப் பையன்களில் எத்தனை பேர் ஆத்தாவை நினைத்து அழுதார்கள் என்று எந்தப் பேரேட்டிலும் பதிவில்லை.) அப்படிப்பட்ட ஊரில், மகன் விளக்குத் தூக்கினால் கடையின் கௌரவம் போய்விடும் என்பது எனக்கு விளங்கவில்லை. பாத்திரம் வாங்க வருகிறவர் அண்டாவின் கனத்தைத் தட்டிப் பார்ப்பார். உங்கள் பையன் எங்கே நின்றான் என்றா பார்ப்பார்?

ஆனால் வேலைக்கு ஒரு வரம்பு வேண்டும். சட்டமும் வைத்திருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தினார்கள். அதன்படி 14 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் சேர்க்கக் கூடாது. மற்ற இடங்களிலும் இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணிவரை அவர்களிடம் வேலை வாங்கக் கூடாது. நம் ஊர்க் கல்யாணத்தில் முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலை, வரவேற்பு இரவில். ஆகவே நீங்கள் பயப்படும் அந்த மண்டபக் காட்சிக்குச் சட்டமே பாதி தடை போட்டுவிட்டது. பகலில் மிஞ்சுவது ஆத்தங்குடி, கானாடுகாத்தான் வீடுகளில் மணமக்களை நிற்க வைத்து எடுக்கும் அவுட்டோர் படங்களும், ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்யும் ஆல்பம் வேலையும்தான். ஸ்டூடியோக்காரரை நீங்களே நேரில் பார்த்து, சனிக்கிழமை பகல் மட்டும் என்று சொல்லிவிடுங்கள். இருட்டான வளவில் (செட்டிநாட்டு வீட்டின் உள்பகுதியில்) ஒரு முகத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் கொடுப்பது என்று கற்றுக்கொண்டு வருவான். அதற்கு நாளுக்கு 500 ரூபாயும் தருகிறார்கள் என்றால் லாபம் அவனுக்குத்தான். சம்பளம் உங்கள் கல்லாவில் கலக்க வேண்டாம். 10 வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்குக்கு ரிசர்வ் வங்கி 2014-லேயே வழி செய்திருக்கிறது. அதில் போட்டு வரட்டும்.

அடுத்தது அந்த மார்க் பேரம். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். 1973-இல் அமெரிக்காவில் மழலையர் பள்ளியில் நடந்த ஓர் ஆய்வு உளவியல்காரர்களிடையே பிரபலம். படம் வரைவதில் ஏற்கெனவே பிரியமாக இருந்த குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிற்பாடு யாரும் சொல்லாமல் தாமாக விளையாடும் நேரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். கூலி பேசப்பட்ட பிறகு அந்த வேலை அவர்களுக்குக் கூலி வேலையாகிவிட்டது. உங்கள் மகனுக்கு விலங்கியல் பாடத்தில் இயல்பாகவே ஒரு ருசி இருக்கக்கூடும். அதற்கும் ஏன் விலைச்சீட்டு ஒட்டுகிறீர்கள்? தவிர, ப்ளஸ் டூ பரீட்சை முடிவதற்குள் வேட்டங்குடிப் பறவைகள் குஞ்சோடு கிளம்பிப் போயிருக்கும். நீங்கள் பெரிய பரிசாக நினைத்துச் சொன்னது அவன் காதில் இரண்டு பருவம் தள்ளிப்போன வாக்காக விழுந்திருக்கிறது.

லென்ஸுக்கு வருவோம். 150-600 ஆடம்பரச் சாமான் இல்லை. அந்த எண்கள் மில்லிமீட்டரில் லென்ஸின் குவியத் தூரம்; எண் பெரிதானால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். வேட்டங்குடியில் நாரைகள் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன, நாம் கரையில் நிற்கிறோம். நத்தைகுத்தி நாரையின் அலகில் உள்ள அந்த இடைவெளி தெரிய வேண்டுமென்றால் எட்டிப் பிடிக்கிற லென்ஸ் வேண்டும். ஆனால் அதற்குச் சில குணங்கள் உண்டு. எடை ஏறக்குறைய 2 கிலோ. முழுத் தூரத்துக்கு நீட்டும்போது அது உள்ளே விடும் வெளிச்சம் குறைவு. உங்கள் மகன் போவதோ விடியற்காலையில். மாமா கொடுத்த பழைய கேமராவில் அந்த மங்கலான வெளிச்சத்தில் எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். இதை அவனிடம் கேளுங்கள். "அதனால்தான் முக்காலி வைத்துக்கொண்டு எட்டு மணி வெயிலுக்குக் காத்திருப்பேன்" என்கிற மாதிரி ஏதாவது பதில் வந்தால், விஷயம் தெரிந்துதான் கேட்கிறான். கூட்டாளியின் பெயரே திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் ஆறு மாதம் பொறுக்கலாம். 55-250, 70-300 என்று சிறிய லென்ஸ்கள் உண்டு. கை மாறியதாக வாங்கினால் இவன் கேட்கும் தொகையில் நாலில் ஒரு பங்குக்குள் முடியும். பெரிய நகரங்களில் நாள் வாடகைக்கு லென்ஸ் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பொங்கல் விடுமுறைக்கு ஒரு தடவை வாடகைக்கு எடுத்துப் பார்த்தால், 2 கிலோவைத் தூக்கி நிற்கும் ஆசை எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று தெரிந்துவிடும்.

பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுவதும் பறவை பார்ப்பவர்கள் சேர்ந்து பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். அதற்குக் கேமராவே தேவையில்லை. கண்ணும் பொறுமையும், பட்டியலை ஏற்ற ஒரு போனும் போதும். அவன் இதுவரை கலந்துகொள்ளவில்லை என்றால் வருகிற தை மாதம் சேர்த்துவிடுங்கள். காட்டுயிர்ப் படங்களுக்குப் பெயர் பெற்ற மா. கிருஷ்ணன் (1912–1996) கடைசிவரை கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய கேமராவை வைத்திருந்தார், அதற்கு 'சூப்பர் பொண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார். உங்கள் மகனிடம் இதை உபதேசமாகச் சொல்லாதீர்கள், எரிச்சல்தான் வரும். அவர் எடுத்த யானைப் படங்களைத் தேடி அவனுக்கு அனுப்பினால் போதும்.

சரி, பணத்தை யார் கொடுப்பது? பாதிக்குப் பாதி என்று என் மனதுக்குப் படுகிறது. கணக்கு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. முதல் கருவி, பஸ் காசு, கற்றுக்கொள்ளும் செலவு இவை பெற்றவர் பாடு. அதற்கு மேலே போகும் ஆசையில் பிள்ளைக்கும் பங்கு இருக்க வேண்டும். இந்தப் பங்கீட்டைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் செய்யவில்லை. உங்கள் கடைக்கு என்ன வருகிறது, என்ன மிஞ்சுகிறது என்று அந்தப் பையனுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதற்கு ஒரு தடயமும் இல்லை. இருக்கிற வீட்டில் "இல்லை" என்று பொய் சொல்கிறோம், இல்லாத வீட்டில் கடன் வாங்கி "இருக்கிறது" என்று காட்டுகிறோம். இரண்டிலும் பிள்ளை குருடனாகத்தான் வளர்கிறான். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் உங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் நீங்கள் ஈ ஓட்டுவீர்கள். பறவைகள் நிறைந்திருப்பதோ அந்த மார்கழியில். அவனுக்கு லென்ஸ் தேவைப்படும் மாதமும் உங்கள் கல்லா காய்ந்திருக்கும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன. இதை அவனுக்கு வாயால் சொன்னால் சாக்கு என்று நினைப்பான். போன வருடத்துச் சிட்டையை எடுத்து முன்னால் போடுங்கள். வாடகை, கொள்முதல் பாக்கி, கடைப்பையன் சம்பளம் எல்லாவற்றையும் அவனே கூட்டிப் பார்க்கட்டும். 16 வயதில் ரங்கூன் கடையில் சிட்டை எழுதியிருக்கிறார்கள். சொந்தக் கடைச் சிட்டையைப் படிக்க இவனால் முடியாதா?

படித்த பிறகு ஒரு ஏற்பாடு செய்யலாம். மகமை உங்களுக்குப் புதிதில்லை. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் என்று தனியாகப் பற்று எழுதி ஒதுக்கும் வழக்கம் இந்தப் பக்கத்துக் கடைகளுக்கு உண்டு. நல்ல மாதங்களில் அதே போல அவன் பெயரிலும் ஒரு பற்று எழுதுங்கள். அவன் சனிக்கிழமைச் சம்பளமும் பக்கத்தில் ஏறட்டும். (லென்ஸுக்கு மகமையா என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சண்டைக்கு வந்தால், வேட்டங்குடிப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களைக் காட்டுங்கள். பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர் அது.)

உங்கள் மனைவியின் யோசனை மட்டும் வேண்டாம். ஏலச் சீட்டை ஆரம்ப மாதங்களில் தள்ளுபடி விட்டு எடுத்தால் கைக்கு வருவது எவ்வளவு சுருங்கும் என்று வியாபாரியான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "நான் கடனாகத் தருகிறேன், மாதாமாதம் திருப்பிக் கொடு" என்று மகனிடம் நோட்டு எழுதி வாங்கும் யோசனை உங்களுக்கே வந்தால், அதையும் விட்டுவிடுங்கள். 18 வயது நிரம்பாதவரோடு போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே ஒரு கல்கத்தா வழக்கில், அன்று இந்தியாவுக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதில் கடன் கொடுத்தவருக்குப் பணம் திரும்பவில்லை. சட்டம் கிடக்கட்டும். சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே கடன்காரர் உட்கார்ந்திருந்தால் எந்தப் பிள்ளை பேசுவான்? இப்போதே பேசவில்லை என்கிறீர்கள்.

நீங்கள் அப்பாவிடம் எதையும் கேட்டதில்லை என்கிறீர்கள். நானும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்திருந்ததால் கேட்கவில்லை. அதை நல்லொழுக்கக் கணக்கில் சேர்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அப்போதும் ஏற்றத்தாழ்வு இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் தபால்தலை சேர்த்தவர்களில் பெரிய வீட்டுப் பையன்களிடம் மட்டும் பர்மாவும் மலாயாவும் கட்டுக்கட்டாக இருக்கும். எங்களுக்கு உள்நாட்டுத் தலைகள்தான். அந்தக் கானாடுகாத்தான் பையனை உங்கள் மகன் பொறாமையோடு பார்ப்பதும் அதே வகைதான், பெரிய வியாதி ஒன்றுமில்லை. இருவர் கேமராவும் ஒரே கம்பெனி என்றால் ஒரு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். பையன்கள் இதை நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்.

கடைசியில் லென்ஸ் வாங்கும் நாள் வந்தால், அவனோடு நீங்களும் போங்கள். கை மாறிய லென்ஸின் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வளையத்தைத் திருப்பினால் மணல் நெருடும் சத்தம் வரக் கூடாது. கீழே விழுந்த ஒடுக்கு விளிம்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒடுக்குப் பார்க்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் காரைக்குடியில் யார்? விலை பேசும் வேலையையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவன் முகத்தைப் பார்த்தால் விற்கிறவர் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார்.

அன்புடன்.