கண்டி வாவி முதல் கலாவெவ வரை: அந்நிய மீன் பிடிக்கிற வேலை, கேள்வி பதில்

இலங்கை மலைநாட்டு ஆறு, நீர்த்தேக்கங்கள்ல பெருகுற வெளிநாட்டு மீன்களைப் பிடிச்சு அகற்றுற களவேலை பத்தி, அதைச் செய்யுற எங்ககிட்டக் கேட்டிருந்தீங்க. வந்த கேள்விகளும் என் பதிலும் கீழே.

கண்டியிலிருந்து: அண்ணே, வாவியில முதலை மூஞ்சியோட மீன் இருக்குன்னு ஊரே பேசுது. ஒரு மீனுக்கு இவ்வளவு கலவரமா?

அது அலிகேட்டர் கார், வட அமெரிக்க மீன். குட்டியா வாங்கி வளர்த்தவங்க, தொட்டி பத்தாமப் போனதும் கொண்டாந்து விட்டுடுறாங்க. ரெண்டு மீற்றருக்கு மேல வளரும். 50 வருசம் தாண்டியும் உயிரோட இருக்கும்.

கலவரம் மீனால மட்டுமில்ல, தண்ணி போற வழியாலயும்தான். வாவி வழிஞ்சா மெத எல ஓடை, அங்கிருந்து கெட்டம்பேயில மகாவலி ஆறு, அடுத்தது பொல்கொல்ல அணை. 1976இல் இருந்து பொல்கொல்லத் தண்ணி சுரங்கத்தால உக்குவெல போய், சுது கங்கை, அம்பன் கங்கை வழியா வடக்கே கலாவெவ வரைக்கும் போகுது. கண்டியில ஒருத்தர் விட்டது அனுராதபுரத்துக் குளத்துல போய் நிக்கலாம்.

நமக்குச் சாதகமா ஒண்ணு இருக்கு. பெண் கார் மீன் முட்டை போடுற பருவத்துக்கு வர ஏறத்தாழ பத்து வருசம் ஆகும். அதுக்குள்ள பிடிச்சா வேலை முடிஞ்சது. காத்துக் குடிக்க மேல வரும் என்பதால, காலையில தண்ணி அசையாத நேரத்துல பொறுமையா உட்கார்ந்தா கண்ணுல படும்.

நாவலப்பிட்டியிலிருந்து: அதைத் தின்னலாமா?

கார் மீன் சதை பரவாயில்ல. சினை, அதாவது முட்டை, விசம். பூனைக்கும் போடாதீங்க.

கம்பளையிலிருந்து: டேங்க் கிளீனர் பட்டு என் தங்கூசி வலையே நாசம். எப்படி எடுக்கிறது?

தொட்டிப் பாசி தின்னட்டும்னு வாங்கி விடுற மீன்தானே டேங்க் கிளீனர்? இழுக்காதீங்க. முதுகுலயும் ரெண்டு பக்கச் செட்டையிலயும் இருக்கிற முள்ளை விறைச்சுப் பூட்டிக்கும். அந்த முள்ளுல அரம் மாதிரி பல் இருக்கு, வாலைப் பிடிச்சுப் பின்னால இழுக்க இழுக்க ஒவ்வொரு பல்லும் ஒரு கண்ணியைக் கொத்தும். நனைஞ்ச சாக்கை மேல போட்டுத் தலையை அமுக்கிக்கங்க. செட்டை அடியில மாட்டுன நூலைச் சின்னக் கத்தரியால வெட்டி, மீனை முன்பக்கமா தள்ளுங்க. நாலு கண்ணி போகும், வலை தப்பும்.

எடுத்ததைக் கரையில வீசிட்டுப் போறவங்க மேலதான் எனக்குக் கோபம். அது வயித்தால காத்தை உறிஞ்சி மணிக்கணக்கா உயிரோட கிடக்கும், மழை வந்தா திரும்பத் தண்ணிக்குள்ள. தலையில அடிச்சுக் கொன்னு, தூரமா புதைங்க. நீர்த்தேக்கம் வத்துற மாசங்கள்ல கரைச் சேத்துல வரிசையா பொந்து தெரியும். ஆண்மீன் முட்டையைக் காவல் காக்கிற இடம் அது. வலையை விட அங்க மண்வெட்டிக்கு வேலை அதிகம். பொந்து கண்டா படம் எடுத்து, இடத்தோட எங்களுக்குச் சொல்லுங்க.

ஹட்டனிலிருந்து: திலாப்பியாவும் வெளிநாட்டுதானே? அதை மட்டும் ஏன் நீங்களே வளர்க்கிறீங்க?

நியாயமான கேள்வி. 1950களின் தொடக்கத்துல ஆபிரிக்காவுல இருந்து சாப்பாட்டுக்குன்னு கொண்டுவந்தது. இன்னைக்கு நன்னீர் மீன்பிடியில பெரும்பங்கு அதுதான், எத்தனையோ வீட்டு அடுப்பு அதுல எரியுது. பெரிய நீர்த்தேக்கத்துல அதை அழிக்க முடியாது, அழிக்கணும்னும் நான் நினைக்கல. ஆனா அருவிக்கு மேல இருக்கிற தோட்டத்து ஓடைக்குப் போத்தல்ல குஞ்சு கொண்டு போய் விடாதீங்க. நம்ம நாட்டு மீன் சிலதுக்கு அந்த மாதிரி ஓடைதான் மிச்சம்.

நுவரெலியாவிலிருந்து: ஹோர்ட்டன் சமவெளி ட்ரவுட் மீன்? அதையும் பிடிக்கலாமா?

வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போட்டு விளையாட 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில விட்டது. இறால், நண்டு, தவளைக் குஞ்சு எல்லாம் தின்னும். தேசிய பூங்கா என்பதால முடிவு வனஜீவராசிகள் திணைக்களத்தோடது. நாம தூண்டிலோட போனா வழக்கு நம்ம மேல.

பண்டாரவளையிலிருந்து: அண்ணே, இந்த வேலைக்கு என்ன படிக்கணும்?

தம்பி, உயர்தரத்துல உயிரியல் இருந்தா நல்லது. நக்டாவுலயும் (தேசிய நீருயிரின வளர்ப்பு அதிகார சபை) பல்கலைக்கழக ஆய்வுத் திட்டங்கள்லயும் ஆள் எடுக்கிறப்ப விண்ணப்பிங்க. நீச்சல், வலை பொத்துறது, ஊர் மீனவரோட பேசுற அளவுக்குச் சிங்களம், இது மூணும் சான்றிதழை விட உதவும். முக்கியமா எழுத்து வேலை. எந்த வலை, எத்தனை அங்குலக் கண்ணி, எத்தனை மணிநேரம் கிடந்தது, என்ன பட்டது. ஒண்ணும் படாத வலையையும் எழுதணும். புதுசா வர்றவங்க அதைத்தான் விட்டுடுவாங்க, பிறகு மீன் குறைஞ்சுதா கூடுச்சான்னு சொல்லவே முடியாது.

மாத்தளையிலிருந்து: என் மகன் இதுக்குப் போறான். ஆபத்தா, தம்பி?

அக்கா, மீனால இல்ல. அணைக்குக் கீழ நிக்கிறப்ப சைரன் கேட்டா வலையை விட்டுட்டு மேல ஏறச் சொல்லுங்க. அடுத்தது எலிக்காய்ச்சல். வேலை தொடங்க முன்னமே சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துல தடுப்பு மாத்திரை பத்திக் கேட்கட்டும். காய்ச்சல் வந்தா தண்ணியில நின்னதை டொக்டர்கிட்ட முதல்ல சொல்லணும். அட்டைக்கடி பழகிடும்.

கண்டியிலிருந்து, இன்னொருவர்: தொட்டி மீன் பெருத்துப் போச்சு. கொல்ல மனசில்ல, ஆத்துல விடட்டுமா?

வேணாம். முதல்ல வாங்கின கடையில திருப்பி எடுப்பாங்களான்னு கேளுங்க. இல்லாட்டி கராம்பு எண்ணெய், மாத்தளையில இல்லாததா? வாளியில இருக்கிற தண்ணி ஒரு லீற்றருக்கு அரை மில்லிலீற்றர் எண்ணெய் கணக்கு. எண்ணெயை வெதுவெதுப்பான தண்ணிப் போத்தல்ல போட்டு நல்லாக் குலுக்கி, மீன் இருக்கிற வாளியில ஊத்துங்க. மயங்கிப் படுக்கும். செவுள் அசைவு நின்ன பிறகும் பத்து நிமிசத்துக்குக் குறையாம விட்டு வைங்க, அவசரப்பட்டு எடுத்தா முழிச்சுக்கும். கார், டேங்க் கிளீனர் மாதிரி காத்துக் குடிக்கிற மீன்னா இதைச் செய்யாம எங்களுக்குச் சொல்லுங்க, வந்து எடுத்துக்கிறோம்.