வாசகர் கேள்வி – பதில்: ரப்பர் அச்சில் வாழ்த்து அட்டை

ரப்பர் அச்சு கொண்டு வீட்டிலேயே வாழ்த்து அட்டை செய்வது பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள ஊர்களிலிருந்து வந்தவை. செங்கோட்டையில் பிறந்து, பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, நாள் முழுவதும் முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவள் என்பதால், பதில் எழுதும் பொறுப்பை ஆசிரியர் குழு என்னிடம் தந்திருக்கிறது. ஓய்வுக்குப் பிறகும் கை சும்மா இருக்கவில்லை. இப்போது குத்துவது பூக்களும் பறவைகளும் என்பதுதான் வேறுபாடு.

ஓணத்துக்கு அனுப்புவதற்காக ஆடி மாதத்தில் நாற்பது அட்டைகள் செய்தேன். இரண்டு நாளாகியும் மை காயவில்லை. அடுக்கி வைத்தபோது ஓர் அட்டையின் பூ அடுத்த அட்டையின் முதுகில் ஒட்டிக்கொண்டது. குறை அச்சிலா, என் கையிலா?
– புளியரை வாசகி

அச்சிலும் இல்லை, கையிலும் இல்லை. கடிதத்துடன் நீங்கள் வைத்திருந்த மாதிரி அட்டையில் பூக்களத்தின் இதழ்கள் ஒவ்வொன்றும் தெளிவாகவே பதிந்திருக்கின்றன. வழவழப்பான ஆர்ட் அட்டையில், நிறமி மையைக் கொண்டு, சாரல் காலத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். இம்மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் பாதி அட்டைகளாவது தப்பியிருக்கும்.

கடையில் கிடைக்கும் அச்சு மைகளைப் பொதுவாகச் சாய மை, நிறமி மை என இரண்டாகப் பிரிக்கலாம். சாய மையில் நிறம் திரவத்தில் முழுவதும் கரைந்திருப்பதால் அது தாளின் நார்களுக்குள் ஊறி விரைவில் காய்ந்துவிடும். ஆனால் வெயில் படும் இடத்தில் வைத்தால் நாளடைவில் வெளிறும். நிறமி மையில் நிறம் நுண்ணிய தூளாக மிதப்பதால் அது தாளின் மேற்பரப்பிலேயே தங்கி அடர்த்தியாகத் தெரியும், எளிதில் வெளிறாது. காய்வதற்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ளும். மைத்திண்டு காய்ந்துவிடாமல் இருப்பதற்காக இவ்வகை மையில் கிளிசரின் போன்ற பொருள்களைச் சேர்ப்பதுண்டு. கிளிசரினோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுடையது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வரும் காற்றில் ஈரத்துக்குக் குறைவேது? துவைத்த சேலை மூன்று நாள் கொடியில் கிடக்கும் ஊரில், அந்த மை இரண்டு நாளில் காய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. போதாக்குறைக்கு, ஆர்ட் அட்டையின் மேலே ஒரு பூச்சு இருப்பதால் மை உள்ளே இறங்கவும் வழியில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பணிக்காலத்தில் ஒரு சாரல் நாளில், முத்திரையிட்ட ஆறு பத்திரங்களை அவசரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு பத்திரத்தின் முதுகிலும் ஊதா நிறத்தில் எழுத்துகள் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. வாங்கிக் கட்டிக்கொண்ட வசவை இங்கே எழுதவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது இது. தாளின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சொட்டு முத்துப்போல் நின்றால் அது பூச்சுத் தாள், மெல்ல உள்ளே இறங்கினால் மையை உறிஞ்சும் தாள். சாரல் காலத்துக்கு உறிஞ்சும் தாளும் சாய மையுமே ஏற்ற இணை. ஆனால் உறிஞ்சும் தாள் நமத்துப் போயிருந்தால் சாய மை நார் வழியே கசிந்து, கோட்டின் இருபுறமும் மீசை முளைத்ததுபோல் ஆகிவிடும். ஆகவே தாள்களை மூடி இறுக்கமான தகரப் பெட்டியில், மாத்திரைப் புட்டிகளிலும் செருப்புப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா பொட்டலங்கள் நான்கைந்தைப் போட்டு வையுங்கள். அச்சிடுவதற்கு முன் இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்து ஒரு முறை ஓட்டுங்கள். முதலில் ஒன்றே ஒன்றைப் பதித்து, ஓர் இரவு வைத்து, விரலால் தேய்த்துப் பார்த்த பிறகே மீதி முப்பத்தொன்பதைத் தொட வேண்டும்.

எங்களுக்குச் சிறிய ரப்பர் தோட்டம் இருக்கிறது. வீட்டிலேயே ஷீட் அடிக்கிறோம். அந்த ஷீட்டில் அச்சு செதுக்க முடியுமா?
– புனலூர் வாசகர்

முடியாது. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பாலை உறையவைத்து, உருளையில் இட்டு, புகையூட்டி எடுக்கும் ஷீட் இன்னும் பச்சை ரப்பர்தான். வெப்பத்தில் அது பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கத்தி வைத்தால் வெட்டுப்படாமல் இழுபடும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் இக்குறை நீங்கும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்த பிறகே ரப்பர் முத்திரை என்ற ஒன்று பிறக்க வழி ஏற்பட்டது. பழைய முறையில் முத்திரை செய்வோர் எதையும் செதுக்குவதில்லை. எழுத்தின் பள்ளமான பதிவை முதலில் ஒரு பலகையில் எடுத்து, அதன்மேல் கந்தகம் கலந்த, இன்னும் வேகாத ரப்பரை வைத்துச் சூடான அழுத்துப்பொறியில் நெருக்குவார்கள். ரப்பர் பள்ளத்துக்குள் புகுந்து, அந்த வடிவிலேயே வெந்து இறுகிவிடும். இக்காலக் கடைகளில் ஒளி பட்டால் இறுகும் பாலிமர் திரவத்தைக் கொண்டோ, லேசர் கொண்டு ரப்பரைச் சுட்டோ செய்து தருகிறார்கள்.

கையால் செதுக்க விரும்பினால் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரை வாங்குங்கள். பெயர்தான் ரப்பர்; அவற்றில் பெரும்பாலானவை வினைல் பிளாஸ்டிக், வெண்ணெய்போல் வெட்டுப்படும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அதைப் பிளாஸ்டிக் அடிக்கோலுடனோ பிளாஸ்டிக் டப்பாவிலோ நெடுநாள் விட்டால் இரண்டும் உருகியதுபோல் ஒட்டிக்கொள்ளும். தாளில் சுற்றி வையுங்கள். கடையில் செய்வித்த உண்மையான ரப்பர் அச்சு உங்களிடம் இருந்தால், மையைப் போக்க மண்ணெண்ணெய் தொடாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். ஈரத்துணியும் பழைய பல் துலக்கியும் போதும்.

அழிரப்பரில் ‘பொங்கல் வாழ்த்து’ என்று செதுக்கினேன். அட்டையில் கண்ணாடியில் தெரிவதுபோல் வந்தது. ‘ழ்’ என்ற எழுத்து உடைந்தே போயிற்று.
– கொழிஞ்சாம்பாறை வாசகி

எழுத்தைத் திருப்பி எழுதப் பழக வேண்டியதில்லை. மெல்லிய டிரேசிங் தாளில் 4பி அல்லது 6பி என்று குறித்த மென்கரிப் பென்சிலால் நேராகவே எழுதுங்கள். எழுதிய பக்கம் அழிரப்பரைத் தொடுமாறு கவிழ்த்து வைத்து, தாளின் முதுகை நகத்தாலோ கரண்டியின் அடிப்பக்கத்தாலோ தேயுங்கள். பென்சில் கரி ரப்பரில் இடவலம் மாறி இறங்கும். அதன்படி செதுக்கினால் அட்டையில் நேராக வரும்.

‘ழ’ உடைந்ததற்குக் காரணம் கத்தி பிடித்த சாய்வு. கோட்டின் இரு ஓரங்களிலும் கத்தியை வெளிப்புறமாகச் சாய்த்து வெட்டினால், நிற்கும் கோடு மேலே மெலிந்தும் அடியில் அகன்றும், வயல் வரப்பைப்போல் உறுதியாக நிற்கும். உட்புறமாகச் சாய்த்தால் அடி குடைந்துபோய், நாலாவது முறை அழுத்தும்போது கோடு மடங்கிவிடும். வளைவு வரும் இடத்தில் கத்தியைத் திருப்பாமல், அதை ஒரே இடத்தில் நிறுத்தி, ரப்பரைத் திருப்புங்கள். எழுத்தின் உள்ளே இருக்கும் சிறு வெளிகளை முதலில் எடுத்துவிட்டு, வெளிப்புறத்தைப் பிறகு வெட்ட வேண்டும். சுற்றிலும் ரப்பர் இருக்கும்வரைதான் கோட்டுக்குத் தாங்கல் உண்டு. புள்ளியைச் செதுக்கவே வேண்டாம். பென்சிலின் பின்முனையில் இருக்கும் ரப்பரை மையில் தொட்டு வைத்தால் வட்டமான புள்ளி கிடைக்கும். உங்கள் ஊரில் மலையாளத்திலும் வாழ்த்து அனுப்ப வேண்டியிருக்குமே. அந்த எழுத்துகளின் சுழிகளுக்கும் இதே முறைதான், எழுத்தைச் சற்றுப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய்ப்பூ, கோலம், கரும்பு என்று எல்லோரும் செய்வதையே செய்து சலித்துவிட்டது. நம் பகுதிக்கே உரிய காட்சியாக என்ன செய்யலாம்?
– ஆரியங்காவு வாசகர்

வாசலிலேயே வைத்துக்கொண்டு கேட்கிறீர்களே! தென்மலைக்கும் உங்கள் ஊருக்கும் இடையில், கழுதுருட்டியில் நிற்கும் பதின்மூன்று கண் பாலத்தைச் செய்யுங்கள். கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அன்று முதல் அந்தப் பாலம் ரப்பர் அச்சுக்காகவே காத்திருப்பதுபோல் எனக்குத் தோன்றுவதுண்டு. ஏனென்றால் நீங்கள் செதுக்க வேண்டியது ஒரே ஒரு கண்தான். அதைப் பதின்மூன்று முறை பதித்தால் பாலம் முடிந்தது.

அட்டை ஏ6 அளவாக, அதாவது 105 மி.மீ.க்கு 148 மி.மீ. ஆக இருந்தால், அதைக் கிடையாக வைத்துக்கொண்டு, 11 மி.மீ. அகலத்தில் அச்சை வெட்டுங்கள். பதின்மூன்றும் சேர்ந்து 143 மி.மீ. வரும், இருபுறமும் சிறு இடம் மிஞ்சும். அச்சில் ஒரு வளைவையும் அதன் வலப்பக்கத் தூணையும் மட்டும் செதுக்க வேண்டும். இருபக்கமும் தூண் வைத்தால் கண்ணுக்குக் கண் இரட்டைத் தூண் முளைத்துவிடும். முதல் முறை செய்தபோது நான் இதைத்தான் செய்தேன். இடக்கோடியில் தூண் இல்லாத குறையை ஒரு செடியைப் பதித்து மறைத்துவிடலாம். பென்சிலால் மெல்லிய கோடு கிழித்து, அச்சின் அடி அந்தக் கோட்டில் அமருமாறு இடமிருந்து வலமாகப் பதித்துக்கொண்டே போங்கள். அழுத்தும்போது அச்சை ஆட்டாதீர்கள். ஆட்டினால் வெட்டி எடுத்த பள்ளத்தின் ஓரமும் மையோடு பதியும். நேராக வைத்து, உள்ளங்கையால் ஒரு முறை அமுக்கி, நேராகத் தூக்குங்கள்.

பின்னாலுள்ள மலைக்கென்று தனியாக வெளிர் மை வேண்டாம். மலை அச்சைப் பச்சை மையில் தொட்டு, முதலில் ஒரு கழிவுத் தாளில் பதித்துவிட்டு, மீண்டும் மை தொடாமல் அட்டையில் பதித்தால், மூடுபனிக்குள் தெரியும் மலைபோல வெளிறி வரும். மலை பாலத்தின் மேல் ஏறாமலிருக்க, பாலத்தை வேறொரு மெல்லிய தாளில் பதித்து வெட்டியெடுத்து, அட்டையிலுள்ள பாலத்தை அதனால் மூடிக்கொண்டு பதிக்க வேண்டும்.

கடை அட்டைகளைப்போல் எழுத்து புடைத்துத் தங்க நிறத்தில் மின்ன வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவி போதுமா?
– தென்காசி மாணவி

போதாது. புடைப்புத் தூள் என்று விற்பதை ஈர மையின் மேல் தூவி, மிஞ்சியதைத் தட்டிவிட்டு, சூட்டில் உருக்க வேண்டும். உங்கள் கருவியில் காற்று மிகுதி, சூடு குறைவு, தூள்தான் பறக்கும். இதற்கென்று விற்கும் சூட்டுத் துப்பாக்கி இல்லையென்றால், பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, அட்டையை இடுக்கியால் பிடித்து, சூடான தோசைக்கல்லுக்குச் சற்று மேலே காட்டலாம். அடியிலிருந்து சூடேறி, தூள் மணல்போல் இருந்தது திடீரென்று பளபளக்கும். அந்த நொடியே எடுத்துவிட வேண்டும். முதல் கேள்வியில் நான் குறை சொன்ன நிறமி மைதான் இவ்வேலைக்கு உகந்தது, அது மெதுவாகக் காய்வதால்.

அசோகச் சிங்கம் போட்ட பழைய முத்திரை ஒன்று வீட்டில் கிடக்கிறது. சுதந்திர தின அட்டையில் பதிக்கலாமா?
– செங்கோட்டை வாசகர்

கூடாது. அரசுச் சின்னத்தை உரிமையின்றிப் பயன்படுத்துவதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நம் ஊர் நுழைவு வளைவில், ஒரு காலத்தில் நாம் திருவிதாங்கூரைச் சேர்ந்தவர்களாக இருந்ததன் அடையாளமாகச் சங்கு இருக்கிறதல்லவா, அதைப் பார்த்து வெறும் சங்கு ஒன்றைச் செதுக்குங்கள். இன்னும் அழகாக இருக்கும்.

அட்டையை மடிக்கும் இடத்தில் தாள் வெடிக்கிறது. தபாலிலும் கூடுதல் தபால்தலை கேட்கிறார்கள்.
– பண்பொழி ஆசிரியை

தாளுக்கும் மரம்போல் நார் ஓட்டம் உண்டு. தாளை வெட்டுவதற்கு முன் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கமாகவே மடிப்பு விழ வேண்டும். மடிப்பதற்கு முன், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அடிக்கோலை ஒட்டி ஒரு கோடு அழுத்தி இழுத்துக்கொண்டால் மடிப்பு வெடிக்காது.

எடைக் கணக்கு எளிது. கடிதக் கட்டணம் 20 கிராமுக்கு ஒரு படியாக ஏறும். ஏ4 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு; ஆகவே 250 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள தாளில் ஒரு முழு ஏ4 ஏறத்தாழ 15.6 கிராம். அதை மடித்துப் பெரிய உறையிலிட்டால் 20 கிராமைத் தாண்டிவிடும். அதே தாளை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் ஏ6 அளவுக்கு மடித்தால் அட்டை 8 கிராமுக்குள் அடங்கும்; 114-க்கு 162 மி.மீ. அளவுள்ள சி6 உறை நான்கு கிராம் இருந்தாலும் மொத்தம் 12 கிராம்தான். மேலே ஒட்டும் மணிகளையும் நாடாவையும் விட்டுவிட்டால் முதல் படிக்கான தபால்தலையே போதும்.