மேற்கு ஜன்னலுக்கு ரோலர் பிளைண்ட்: நாமே பொருத்தலாமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் முதல் மாடியில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். படுக்கையறை ஜன்னல் மேற்கு பார்த்தது. பங்குனி பிறந்துவிட்டால் மாலை மூன்று மணிக்கு மேல் அந்த அறைக்குள் கால் வைக்க முடியவில்லை. ரோலர் பிளைண்ட் (உருளையில் சுருட்டி ஏற்றி இறக்கும் துணித் திரை) வாங்கி நாமே மாட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். டிரில் மிஷின் இருக்கிறது. அளவு எப்படி எடுப்பது, எங்கே துளை போடுவது என்று தெரியவில்லை. வீட்டில் நான்கு வயதுக் குழந்தையும் இருக்கிறது.
வாசகி, சத்துவாச்சாரி

பதில்: தாராளமாக நீங்களே பொருத்தலாம், சகோதரி. ஆனால் எவ்வளவு வெப்பம் குறையும் என்பதை முதலில் சொல்லிவிடுவது என் கடமை. வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகே பிளைண்டின் மேல் விழுகிறது; துணி சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில், கண்ணாடிக்கு வெளியே சன்ஷேடின் கீழ் தொங்கும் மூங்கில் தட்டி செய்யும் வேலையை உட்புற பிளைண்டால் முழுமையாகச் செய்ய முடியாது. எனவே பிளைண்டின் வெளிப்பக்கம், அதாவது கண்ணாடியைப் பார்க்கும் பக்கம், வெள்ளையாகவோ வெள்ளிப்பூச்சு உள்ளதாகவோ இருக்கும்படி வாங்குங்கள். வெயிலில் ஒரு பகுதியாவது வந்த வழியே திரும்பிப் போகும். வசதிப்பட்டால் வெளியே ஒரு தட்டியும் கட்டுங்கள். அது மாடி ஜன்னல் என்பதால் ஏணியில் நின்று செய்யாமல், சாரம் கட்டத் தெரிந்த ஆளிடம் விட்டுவிடுங்கள். உள் வேலையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவெடுக்கும்போதுதான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். நிலைக்குள் அடங்கும்படி மாட்டினால் அழகாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் ரோலர் பிளைண்டில் ஒரு பக்கத் தாங்கியிலிருந்து மறுபக்கத் தாங்கி வரை உள்ள மொத்த அகலத்தைவிடத் துணியின் அகலம் மூன்று, நான்கு சென்டிமீட்டர் குறைவாகவே இருக்கும். நிலைக்குள் மாட்டினால் அந்த இடைவெளி இரு பக்கமும் இரண்டு வெயில் கோடுகளாகக் கட்டில் மேல் விழும். மேற்கு ஜன்னலுக்கு அது ஒத்துவராது. சுவரின் மேல், ஜன்னலின் இரு ஓரத்தையும் தாண்டி எட்டு சென்டிமீட்டராவது துணி மூடும்படி அளவு சொல்லுங்கள். கம்பி உட்புறம் இருந்து கதவு வெளியே திறக்கும் ஜன்னலானால் தடையே இல்லை. கதவு உள்ளே திறப்பதாக இருந்தால் பிளைண்டை மேலே சுருட்டிய பிறகே திறக்க முடியும் என்பதை வாங்குவதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் இரும்பு டேப்பால் அளந்து பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள்; நம் வீட்டுச் சுவர்கள் ஒரே நேராக இருப்பது அரிது.

அடுத்தது துளை. ஜன்னலுக்கு மேலே இருப்பது செங்கல் அன்று, லிண்டல் கான்கிரீட். தாங்கிகள் பெரும்பாலும் அதன் மேல்தான் அமையும். சாதாரண டிரில் அங்கே கத்திக்கொண்டே நிற்கும், உள்ளே இறங்காது. சுத்தியல் போல் தட்டும் ஹாமர் வசதி உள்ள மிஷினும் 6 மி.மீ. மேசன்ரி பிட்டும் (சுவர் துளைக்கும் முனை) வேண்டும். முதலில் ஏறக்குறைய 12 மி.மீ. தடிமனுள்ள பூச்சு வரும்; அது மிஷின் தொட்டதுமே வழிவிடும். அதற்குப் பின் ஒலி மாறி, இறுக்கமான சாம்பல் தூள் மெல்ல மெல்ல வரத் தொடங்கினால் கான்கிரீட்டைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். நடுவில் முறுக்குக்கம்பி தட்டுப்பட்டு பிட் நின்றுவிட்டால் அழுத்தாதீர்கள், இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். ஜன்னலின் பக்கவாட்டுச் சுவரில் துளையிட்டால் சாம்பல் தூளுக்குப் பின் சிவப்புத் தூள் வரும். அந்தச் சிவப்பைக் கண்ட பிறகும் இரண்டு விரற்கடை உள்ளே போனால்தான் பிடிமானம்.

துளை 50 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். பிட்டில் அந்த அளவில் இன்சுலேஷன் டேப் சுற்றிவைத்துக்கொண்டால் கணக்குத் தப்பாது. துளைக்குக் கீழே செய்தித்தாளை மடித்துப் பை போல ஒட்டிவிட்டால் தூள் கட்டிலில் கொட்டாது. உள்ளே தங்கிய தூளை ஊதி எடுத்துவிட்டு ராவல் பிளக்கை (ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) பூச்சைத் தாண்டி உள்ளே செருகி, இரண்டு அங்குல ஸ்க்ரூவால் தாங்கியை இறுக்குங்கள். முன்பு நான் குடியிருந்த வீட்டில் அவசரப்பட்டுப் பூச்சிலேயே பிளக்கை நிறுத்தினேன். மூன்றாம் மாதம், பிளைண்டை ஏற்றி இறக்கும் சங்கிலியைப் பிள்ளை இழுத்தபோது தாங்கி ஒரு தட்டளவு பூச்சோடு கழன்று விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை என்றாலும் அன்று நெஞ்சு பதறியதை மறக்க முடியவில்லை. சுவிட்ச் பெட்டிக்கும் ஏ.சி. பாயின்டுக்கும் நேர் மேலோ கீழோ துளை போடவே போடாதீர்கள். சுவருக்குள் ஒயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

இரு தாங்கிகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே இரண்டாவது துளையைக் குறியுங்கள். மட்டம் பிசகினால் துணி ஒரு பக்கமாகவே ஒதுங்கிச் சுருண்டு ஓரம் பிரிந்துவிடும். சற்றே ஒதுங்குகிறது என்றால், ஒதுங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உருளையின் மேல் சிறு துண்டு டேப் ஒட்டினால் சரியாகும்.

குழந்தையைப் பற்றி நீங்கள் எழுதியதைத்தான் நான் இருமுறை படித்தேன். தொங்கும் சங்கிலியின் கண்ணியில் கழுத்து மாட்டிக்கொண்டு குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்காவில் 2018 டிசம்பர் முதல் கடைகளில் தயாராகக் கிடைக்கும் பிளைண்டுகள் கயிறில்லாமலோ குழந்தைக்கு எட்டாத கயிறோடோ வர வேண்டும் என்று தர நிர்ணயம் மாற்றப்பட்டது. ஐரோப்பியத் தரவிதி, சங்கிலியின் அடி தரையிலிருந்து 1.5 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வீட்டுக்குச் சங்கிலியே இல்லாத ஸ்பிரிங் வகையை வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. அது கிடைக்காவிட்டால், தாங்கி 2.2 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு 70 செ.மீ.க்கு மிகாமல் கீழே தொங்கும் சங்கிலி கேட்டு வாங்கி, அதன் கண்ணியைச் சுவரில் பொருத்தும் பிடியில் இறுக்கமாக மாட்டிவிடுங்கள். கட்டிலையும் நாற்காலியையும் அந்த ஜன்னலை விட்டு இன்றே தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: குடியாத்தத்தில் வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. வெயிலுக்கு என்ன செய்வது?
வாசகர், குடியாத்தம்

பதில்: ஜன்னல் கம்பியிலேயே மெல்லிய மூங்கில் தட்டியை நைலான் கயிற்றால் மேலும் கீழும் கட்டிவிடுங்கள், கீழே கட்டாமல் விட்டால் கோடைமழைக் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். திரை வேண்டுமானால், நிலையின் இரு பக்கமும் அழுத்தி நிற்கும் ஸ்பிரிங் கம்பி பாத்திரக் கடைகளிலும் கிடைக்கிறது. அதில் உங்கள் ஊரிலேயே நெய்யும் கைத்தறித் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்துக் கோத்து மாட்டினால், மாலை வெயில் கண்ணைக் கூசாது. வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம்.