வைத்தியருக்கு உதவியாளரா, வைத்தியம் பார்ப்பவரா?

கேள்வி: அமெரிக்காவில் இளமானிப் பட்டம் படிக்கும் என் அண்ணாவின் மகள், ‘பிசிஷியன் அசிஸ்டன்ட்’ ஆகும் எண்ணத்துடன் தன் பல்கலைக்கழகத்தில் அதற்கென உள்ள மாணவர் சங்கமொன்றில் சேர்ந்திருக்கிறாள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கும் என் மகளும் இப்போது அதையே படிக்க விரும்புகிறாள். இது தாதியர் தொழிலா, வைத்தியர் தொழிலா? ஒரு படிப்புக்குச் சங்கம் எதற்கு?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: இரண்டுமல்ல. ‘அசிஸ்டன்ட்’, அதாவது ‘உதவியாளர்’, என்ற சொல்தான் உங்களைக் குழப்பியிருக்க வேண்டும். இவர் நோயாளியைப் பரிசோதித்து, நோயை இனங்கண்டு, மருந்தெழுதி, சத்திரசிகிச்சையிலும் துணைநிற்பவர்; வைத்தியருடன் இணைந்து பணியாற்றுபவர்; எந்த அளவுக்குத் தாமாக முடிவெடுக்கலாம் என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் வரையறுக்கிறது. வைத்தியர் பற்றாக்குறை நிலவிய காலத்தில், 1965இல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வைத்தியர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவப் பணி செய்து அனுபவம் பெற்ற நால்வரைக் கொண்டு இப்பயிற்சியைத் தொடங்கினார். அவர்களில் மூவர் 1967இல் தேறினர்.

நம் நாட்டின் கிராமப்புற வைத்தியசாலைகளில் பணியாற்றிய உதவி வைத்திய அதிகாரிகளை, மூத்தோர் அப்போதிக்கரி என்றழைத்தவர்களை, நினைத்துப் பாருங்கள். பயிற்சி முறையும் சட்டமும் வேறு, தேவை ஒன்றுதான். மட்டக்களப்பு வாவியைக் கடந்து நகருக்கு வரவேண்டிய படுவான்கரைக் குடும்பங்களுக்கு, அருகிலேயே வைத்தியம் தெரிந்த ஒருவர் இருப்பதன் பெறுமதியை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சங்கம் தேவைப்படுவதற்குக் காரணம் நுழைவு விதிகளே. பட்டமும் விஞ்ஞானப் பாடங்களும் போதாமல், பல கற்கைநெறிகள் நோயாளிகளை நேரடியாகப் பராமரித்த அனுபவத்தையும் நூற்றுக்கணக்கான மணித்தியாலக் கணக்கில் கேட்கின்றன. அம்புலன்ஸ் சேவையிலா, முதியோர் பராமரிப்பு நிலையத்திலா, எங்கே அந்த அனுபவத்தைப் பெறலாம் என்பது இருபது வயதுப் பிள்ளைக்குத் தானாகத் தெரியாது. முன்னே சென்ற மாணவர்கள் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பணியிலிருப்பவர்களை அழைத்துப் பேசவைக்கிறார்கள். நேர்முகத் தேர்வுக்குப் பயிற்றுவிக்கிறார்கள். இத்தொழில் என்னவென்று மற்ற மாணவர்களுக்கு விளக்குவதையே அவர்களின் மிகப் பயனுள்ள பணியாக நான் கருதுகிறேன். தன்னைப் பரிசோதிப்பவர் வைத்தியரா, உதவியாளரா என்பதை நோயாளி அறிந்திருப்பது அவருடைய உரிமை. கற்கைநெறி பெரும்பாலும் 27 மாதங்கள் அளவில் நீளும் முதுமானிப் படிப்பு. ஏறத்தாழ முதற்பாதி வகுப்பறையிலும், எஞ்சிய காலம் வைத்தியசாலை விடுதிகளிலும் சிகிச்சை நிலையங்களிலும் கழியும். அக்காலத்திலும் இத்தொழில் செய்வோரின் தேசியச் சங்கத்தில் மாணவருக்கெனத் தனிப் பிரிவு உண்டு.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற கற்கைநெறியை முடித்தவர்களே அங்குள்ள தேசியச் சான்றிதழ்ப் பரீட்சைக்குத் தோற்றலாம். கிழக்குப் பல்கலைக்கழகச் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் மருத்துவமோ தாதியியலோ படித்துப் பட்டம் பெற்றாலும், அதைக் கொண்டு நேராக அப்பரீட்சை எழுத முடியாது. ஆகவே, பணம் கட்டச் சொல்லும் எந்த முகவரையும் நாடுவதற்கு முன், உங்கள் மகளைப் பெரியப்பாவின் மகளோடு ஒரு மாலை கதைக்க விடுங்கள். இதுவரை எத்தனை மணித்தியாலம் நோயாளிகளோடு இருந்தாள், அங்கே என்னென்ன செய்தாள் என்று கேட்கட்டும்.